தண்ணீரா, பிளாஸ்டிக்கா? மியூவான் ஒளியைப் பிடிக்க எது தோது

தொடக்கக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவன் நான். வேகமான மின்னூட்டத் துகள்கள் விடும் ஒளியைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றார் ஆசிரியர். துகளுக்குப் பஞ்சமில்லை. உள்ளங்கையை விரித்துப் பிடித்தால் வானிலிருந்து ஓயாமல் பொழியும் மியூவான் என்ற மின்னூட்டத் துகள் வினாடிக்கு ஒன்றாவது அதைத் துளைத்துக்கொண்டு போகும். அந்த ஒளியை எதில் பிடிப்பது என்பதுதான் கேள்வி. முதலில் தண்ணீர் வைத்தோம், இப்போது துகள் பட்டால் மினுங்கும் சின்டிலேட்டர் பிளாஸ்டிக். நான் பிளாஸ்டிக் கட்சி.

வெளிச்சக் கணக்கில் போட்டியே இல்லை. மியூவான் ஒரு சென்டிமீட்டர் போனால் தண்ணீரில் சுமார் 200 ஃபோட்டான் (ஒளித்துகள்), பிளாஸ்டிக்கில் சுமார் 20,000. அதனால் பிளாஸ்டிக்குக்கு 30 வோல்ட்டில் ஓடும் சிலிக்கான் உணரி போதும். தண்ணீருக்கு, மங்கிய ஒளியையும் மின்துடிப்பாக மாற்றித் தரும் ஒளிப்பெருக்கிக் குழாயும் 1,000 வோல்ட்டும் வேண்டும்.

என்னை மாற்றியது பராமரிப்புதான். ஐந்து லிட்டர் எஃகுத் தெர்மாஸில் வடிநீர் ஊற்றி, குழாயை அதன் வாயில் கவிழ்த்து, கறுப்பு டேப் சுற்றினோம். முதல் வாரம் அருமை. ஆறாவது வாரம் எண்ணிக்கை சரிந்தது. திறந்து விரலால் தடவினால் உள்சுவர் முழுக்க ஊறிய வெந்தயம் மாதிரி வழவழப்பு. கழுவி ஊற்ற அரை மணி நேரம்தான். ஆனால் குழாய் ஒருமுறை அறை வெளிச்சத்தைப் பார்த்துவிட்டால், இருட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால்தான் துகளே இல்லாமல் அது தரும் பொய்த் துடிப்புகள் அடங்கும். ஆக ஒவ்வொரு கழுவலுக்கும் ஒரு நாள் போச்சு. மின்சாரத்தை நிறுத்தாமல் யாராவது திறந்துவிட்டால் குழாயே பாழாகிவிடலாம். அப்புறம் நம்மூர் ஈரம். வார இறுதியில் ஏர்கான் ஓடாது. திங்கள் காலை பார்த்தால் உயர் மின்னழுத்த இணைப்பில் ஈரம் கசிந்து, மியூவானே இல்லாமல் துடிப்பு கொட்டும். துப்புரவு அக்கா வேறு, “தண்ணிய தேக்கி வச்சிருக்கீங்களே தம்பி, டெங்கி செக்கிங் வந்தா என்ன சொல்வீங்க?” என்று கேட்டார். மூடிய பாத்திரத்தில் கொசு வராது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை.

பிளாஸ்டிக்கில் இந்தப் பாடு இல்லை. ஐந்துக்கு ஐந்து சென்டிமீட்டர் தகடுகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஆப்டிகல் கிரீஸ் தடவி உணரியை ஒட்டி, அலுமினியத் தாளும் கறுப்பு டேப்பும் சுற்றி மூடினோம். ஒன்றரை வருஷமாகத் திறக்கவில்லை. வெறுங்கையால் தொடக்கூடாது; விரல் எண்ணெய் பட்டால் மேற்பரப்பில் மயிரிழை விரிசல் விடும். அறை சூடானால் உணரியின் பெருக்கம் இறங்கும், பொய்த் துடிப்பு ஏறும். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த இரண்டு தகடுகளும் ஒரே நேரத்தில் மினுங்கினால் மட்டும் எண்ணு என்று வைத்ததும் பொய்த் துடிப்பில் பெரும்பகுதி ஒழிந்தது. பெரிய பலகைகள் ஈரத்தில் நாளடைவில் புகை படிந்தாற்போல் மங்குவது உண்டு. என்னுடையவை சின்னவை, வயதும் குறைவு. ஐந்து வருஷத்துக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

தண்ணீருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. 1934இல் சோவியத் இயற்பியலாளர் செரன்கோவ் கண்டது தண்ணீரில் வரும் அந்த ஒளியைத்தான். இருட்டறையில் ஒரு மணி நேரம் போல உட்கார்ந்து கண்ணைப் பழக்கிக்கொண்டுதான் அவர் பார்க்கவே தொடங்குவாராம். மூலக்கூறுகள் கிளர்ந்து மினுங்கும் பிளாஸ்டிக், மெதுவான துகளுக்கும் ஒளி விடும், எல்லாப் பக்கமும் சிதறும். தண்ணீரிலோ, வெற்றிடத்தில் ஒளி போகும் வேகத்தில் முக்கால் பங்கைத் துகள் தாண்டினால்தான் இந்த ஒளி. அதுவும் துகள் போகும் திசையில் கூம்பாகத்தான் பாயும். ஏன் என்று அவர் நாட்டு இயற்பியலாளர்கள் ஃபிராங்க்கும் டாமும் 1937இல் விளக்கினார்கள். இதைத்தான் காட்டியாக வேண்டும் என்றால் பிளாஸ்டிக் உதவாது.

அதற்கும் தண்ணீருக்குத் திரும்ப மாட்டேன். தெளிவான அக்ரிலிக் கட்டியிலும் செரன்கோவ் ஒளி வரும், அழுகாது. ஒரு பிற்பகல் செய்துபார்த்தேன். கட்டியின் அடியில் குழாய், மேல்முகத்தில் கறுப்புத் தாள். துடிப்பு நன்றாக வந்தது. அப்படியே தலைகீழாக்கினேன், பாதிக்கு மேல் காணவில்லை: ஒளி மியூவானோடு கீழே போகிறது, குழாயோ மேலே. ஒரு பிற்பகலை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. தெர்மாஸிலிருந்து கழற்றிய குழாய் இப்போது அந்தக் கட்டியோடுதான் இருக்கிறது.