2004 மாடல் காரில் ஈசிஎம் மாற்றி மூன்று வருடம்: என் அனுபவம்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு "ஈசிஎம் போயிருக்கும்" என்று மெக்கானிக் சொன்னாலே வயிற்றைக் கலக்கும். ஈசிஎம் என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி. என் வண்டி 2004 மாடல் பெட்ரோல் செடான், அப்பா வாங்கியது, 2019இல் ஆர்சி புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருந்தேன். 2022 மே, அக்னி நட்சத்திர வெயில். மதியம் கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது இன்ஜின் ஆஃப் ஆகிவிட்டது. திணறவில்லை, உதறவில்லை, சுவிட்சை அணைத்தது போல ஒரே அடியாக நின்றது. ஓரமாகத் தள்ளி நிறுத்தி ஒரு மணி நேரம் காத்திருந்தேன், அப்புறம் சாவியைத் திருப்பியதும் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது.

அடுத்த மூன்று மாதத்தில் இது ஏழெட்டு முறை நடந்தது. எல்லாமே வெயில் நேரத்தில்தான். ஸ்கேனரில் பி0335 என்று கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதைக் கவனிக்கும் சென்சார்) கோடு வந்ததால் முதலில் அந்த சென்சாரை மாற்றினோம். சரியாகவில்லை. அப்புறம் பெட்ரோல் பம்ப், அப்புறம் இக்னிஷன் காயில். மொத்தம் பதினோராயிரம் ரூபாய்க்கு மேல் போனது, வண்டி நிற்பது மட்டும் நிற்கவில்லை.

கடைசியில் பல்லாவரம் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனேன். அவர் எதையும் மாற்றவில்லை. "சார், ஓடுற வண்டியைப் பார்த்து நான் என்ன சொல்றது? நின்ன பிறகு கூப்பிடுங்க" என்றார். ஒரு வாரத்தில் அவர் கடைக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்றது, உடனே பைக்கில் வந்துவிட்டார். முதலில் பார்த்தது டேஷ்போர்டை. சாவியை ஆன் செய்தால் செக் இன்ஜின் லைட் எரிய வேண்டும், வண்டி நன்றாக இருந்தாலும் எரியும். எரியவில்லை. ஸ்கேனரைப் போட்டார், ஈசிஎம்மோடு பேசவே முடியவில்லை. (நம் நாட்டில் ஓபிடி, அதாவது வண்டி தன் கோளாறைத் தானே கண்டறிந்து சொல்லும் வசதி, கட்டாயமானதே 2010இல் தொடங்கித்தான். என் வண்டியில் ஸ்கேனர் சாக்கெட் இருந்தாலும் அது கே லைன் என்ற பழைய தொடர்பு முறை, நான் வாங்கி வைத்திருந்த மலிவான ப்ளூடூத் கருவி அதில் ஒருநாளும் ஒழுங்காக வேலை செய்ததில்லை.)

லைட்டும் இல்லை, ஸ்கேனரும் பேசவில்லை என்றால் பெட்டி செத்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். "அதுக்கு முன்னாடி அதுக்குச் சாப்பாடு போகுதான்னு பார்க்கணும்" என்றார் அவர். இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இங்கேதான் பலருக்கும் பணம் வீணாகிறது. ஈசிஎம்முக்கு வரும் 12 வோல்ட்டை மல்டிமீட்டரில் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், ஏனென்றால் ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12 காட்டும். அவர் ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பை அந்த ஒயரில் மாட்டினார். பல்ப் பளிச்சென்று எரிந்தது, ஆக ஃப்யூஸ், மெயின் ரிலே (ஈசிஎம்முக்கு கரன்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச்), ஒயர் எல்லாம் சரி. எர்த்தை செல்ஃப் அடிக்கும்போதே அளந்தார், பேட்டரி நெகட்டிவுக்கும் ஈசிஎம் எர்த்துக்கும் நடுவில் 0.1 வோல்ட்கூட இல்லை. அதுவும் சரி.

அடுத்து 5 வோல்ட். சென்சார்களுக்கு ஈசிஎம்தான் இந்த 5 வோல்ட்டைக் கொடுக்கிறது. அங்கே 1.8தான் வந்தது. ஏதாவது ஒரு சென்சார் ஷார்ட் ஆகியிருந்தாலும் இப்படி இறங்கும், அதனால் த்ராட்டில் சென்சார், மேப் சென்சார், ஏசி பிரஷர் சென்சார் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினார். எதைக் கழற்றினாலும் 5 திரும்பி வரவில்லை. அப்போதுதான் "பெட்டிக்குள்ளதான் சார்" என்றார். வண்டி ஆறியபின் கடையில் ஸ்டார்ட் செய்து, ஈசிஎம் மேல் ஹேர் டிரையர் காற்றை அடித்தார். நான்கே நிமிடத்தில் நின்றது. ஆறவிட்டால் ஓடியது. மூன்று முறை செய்து காட்டினார். கோளாறைக் கண்டுபிடித்ததற்கு நான் கொடுத்த கூலி 800 ரூபாய், இன்றைக்கும் அந்த வண்டிக்கு நான் செய்த செலவிலேயே உருப்படியானது அதுதான்.

பெட்டியைத் திறந்தால், அந்த 5 வோல்ட்டை உருவாக்கும் வோல்டேஜ் ரெகுலேட்டரின் காலில் சோல்டர் வட்டமாக விரிசல் விட்டிருந்தது. கனெக்டர் பின்களில் பச்சையாகக் களிம்பு. ஈசிஎம் இருப்பது க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால், அதற்கு மேலே ஏசி கூலிங் காயில். ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் தூசியால் அடைத்து, தண்ணீர் ஒயர் வழியாகவே வழிந்து கனெக்டருக்குள் போயிருக்கிறது. சோல்டரிங் செய்து 1,200 ரூபாய் வாங்கினார், "களிம்பு உள்ளே எவ்வளவு அரிச்சிருக்குன்னு தெரியாது, உத்தரவாதம் கிடையாது" என்றும் சொல்லிவிட்டார். சொன்னபடியே மூன்று மாதம்தான் ஓடியது. நவம்பர் மழையில் மூன்றாவது இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்) வேலை செய்யவில்லை, போர்டில் தடமே அரித்துப் போயிருந்தது.

புதிய ஈசிஎம் 38,000 என்றார்கள், அதுவும் வர இரண்டு மாதம். பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்து பழையது ஒன்றை 6,500க்கு வாங்கினேன். இங்கே ஒரே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது: ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். "அதே வண்டி, அதே இன்ஜின், போடுங்க ஓடும்" என்று ஒருவர் கொடுத்தது ஆட்டோமேட்டிக் கியர் வண்டியுடையது. பில்லும் கேட்டு வாங்குங்கள்.

மாட்டியதும் ஸ்டார்ட் ஆகி இரண்டு விநாடியில் நின்றது, சாவி விளக்கு மினுக்கியது. இம்மொபிலைசர், அதாவது சாவியை அடையாளம் தெரியாவிட்டால் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு. சாவியின் அடையாளம் என் வண்டியின் சொந்த ஈசிஎம்மில் உள்ள எட்டுக் கால் மெமரி சிப்பில் இருக்கிறது, அதைப் படித்து இப்போது வாங்கியதில் எழுத வேண்டும். என்னிடம் அந்தக் கெட்டுப்போன பெட்டி இருந்ததால் 2,500 ரூபாயில் முடிந்தது. அதை கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்திருந்தால் பெரிய சிக்கலாகியிருக்கும்.

முதல் இரண்டு நாள் ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம்) 1,200 ஆர்பிஎம்முக்குக் குறையவில்லை, ஓட ஓடத் தானே 800க்கு இறங்கியது. அதன்பின் 31,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். கெட்டுப்போயிருந்த நாட்களில் 10க்கு இறங்கியிருந்த மைலேஜ் நகரத்துக்குள் 12.5க்கு வந்தது, அங்கேயே நிற்கிறது. 2024இல் மறுபடி ஆர்சி புதுப்பித்தபோது புகைச் சோதனையிலும் தொந்தரவு இல்லை. ஒரே ஒரு முறை, போன வருடம் திண்டிவனம் தாண்டி அதேபோல நின்றது, எனக்கு உயிரே போய்விட்டது. செக் இன்ஜின் லைட் எரியவில்லை, ஆனால் இந்தமுறை பல்பை மாட்டிப் பார்த்தால் பல்பும் எரியவில்லை. மெயின் ரிலே. 350 ரூபாய்.

இப்போது ஒவ்வொரு மார்ச்சிலும் ஏசி தண்ணீர்க் குழாயில் காற்றடித்துச் சுத்தம் செய்கிறேன். ஒயர் கட்டு கனெக்டருக்குக் கீழே ஒரு வளைவு வளைந்து மேலே ஏறும்படி கட்டியிருக்கிறோம், தண்ணீர் வந்தாலும் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஆல்டர்னேட்டர் சார்ஜ் 14.5 வோல்ட்டைத் தாண்டாமல் இருக்கிறதா என்றும் சர்வீஸ் தோறும் பார்க்கச் சொல்கிறேன். அந்த மெமரி சிப்பில் இருந்த தகவலை எலக்ட்ரீஷியனிடம் கேட்டு ஒரு பென் டிரைவில் வாங்கி, உதிரி சாவியோடு சேர்த்து பீரோவில் வைத்திருக்கிறேன்.