ஐடிலிங் ஏறினால் இசிஎம் மாற்றச் சொல்கிறார்களா? சேலத்துப் பழைய பெட்ரோல் வண்டிக்காரர்கள் கவனத்துக்கு

சேலத்தில் பதினைந்து, இருபது வருடப் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் பட்டறைக்குப் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஐடிலிங், அதாவது ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காதபோது இன்ஜின் சுற்றுகிற வேகம், ஜாஸ்தி என்று விட்ட ஒரு 2003 மாடல் வண்டிக்கு, இன்ஜின் கம்ப்யூட்டரான இசிஎம்மையும் மாற்றி 26,650 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். கெட்டுப்போயிருந்தது 160 ரூபாய் ரப்பர் ஹோஸ் ஒன்று. அதோடு, இன்ஜின் சூடாகும் வரை குளிர்விக்கிற நீரை (கூலன்ட்) ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற தெர்மோஸ்டாட் வால்வு இன்ஜினில் இல்லை. அவ்வளவுதான்.

புகார் நடந்துகொண்டிருப்பதால் பட்டறையின் பெயரைப் போடவில்லை. வண்டி எந்த மாடல் என்றும் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கம்பெனி வண்டிக்குத்தான் இந்த வியாதி என்று மற்றவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். கேபிள் ஆக்ஸிலரேட்டர் உள்ள, கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரில் பெட்ரோல் தெளிக்கிற எம்பிஎஃப்ஐ வண்டி எதுவானாலும் சங்கதி ஒன்றுதான்.

வண்டிக்காரர் சொன்ன புகார் தெளிவானது. ஏற்காடு போய் இறங்கி அடிவாரத்தில் நிறுத்தினால் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்று) முள் 1,700-ல் நிற்கிறது. டவுனுக்குள் வந்தால், ஐந்து ரோடு சிக்னலில் நிற்கும்போது 1,200-க்கும் 1,900-க்கும் இடையே ஏறி ஏறி இறங்குகிறது. இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போது, ஏசி அணைத்த நிலையில், இந்த வண்டி 850 பக்கம் நிற்க வேண்டும்.

பட்டறையில் பானெட்டைத் திறந்ததும் "சென்சார் போச்சு" என்றார்கள். முதலில், ஐடிலிங்குக்கான காற்றைக் கூட்டிக் குறைக்கிற ஐடிலிங் மோட்டார் 4,800, காற்றுக் குழாயில் திறந்து மூடுகிற த்ராட்டில் தட்டின் நிலையைச் சொல்கிற டிபிஎஸ் சென்சார் 2,650. சரியாகவில்லை. "அப்போ இசிஎம்தான்" என்று ரீகண்டிஷன் இசிஎம் ஒன்று 14,500. த்ராட்டில் பாடி கிளீனிங் 1,200, கூலி 3,500. எல்லாம் ஒரு துண்டுத் தாளில், ஜிஎஸ்டி நம்பர் இல்லாமல். பழைய சாமான்களைக் கேட்டதற்கு "ஸ்கிராப்பில் போட்டாச்சு சார்".

வண்டி வெளியே வந்தபோது ஐடிலிங் 1,050-க்கு இறங்கியிருந்தது உண்மை. ஆனால் ஏசி போட்டால் அணைந்துவிடும். ஆக்ஸிலரேட்டரை முதலில் மிதிக்கும்போது ஒரு சிக்கல், பிறகு திடீரென்று ஒரு குதி. கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் அந்தக் குதி எப்படி இருக்கும் என்று மலை ஏறியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிரித்துப் பார்த்ததில் தெரிந்தவை: "புது" ஐடிலிங் மோட்டார் பழையதேதான். கார்பன் கழுவிய அதே மோட்டார், கனெக்டர் பிளாஸ்டிக் மஞ்சளித்துப் போனது, பக்கத்தில் வண்டிக்காரர் எப்போதோ வைத்த மார்க்கர் கோடு அப்படியே இருந்தது. மாட்டியிருந்த இசிஎம் அதே மாடலின் ஏசி இல்லாத வண்டிக்கானது. லேபிளில் பார்ட் நம்பரே வேறு. ஏசி கம்ப்ரஸர் ஓடும்போது ஐடிலிங்கைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிற வேலை அதில் கிடையாது, அதனால்தான் அணைந்தது. மூன்றாவதுதான் மோசமானது: த்ராட்டிலின் ஸ்டாப் ஸ்குரூவைத் திருகியிருந்தார்கள். அதன் தலையில் இருந்த பெயிண்ட் உடைந்து கிடந்தது.

ஸ்டாப் ஸ்குரூ ஐடிலிங் வைக்கிற ஸ்குரூ அல்ல. கார்புரேட்டர் காலத்துப் பழக்கத்தில் அதைத் தொடுகிறார்கள். த்ராட்டில் தட்டு குழாய்ச் சுவரில் போய் இறுகிக்கொள்ளாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அதைப் பின்வாங்கினால் தட்டு முழுக்க மூடிக்கொள்ளும், காற்று குறையும், சுற்றும் குறையும். வண்டிக்காரருக்குச் "சரியாகிவிட்டது" என்று தோன்றும். ஆனால் தட்டு சிக்கும், டிபிஎஸ்ஸின் மூடிய நிலை வோல்ட் மாறும், இசிஎம்முக்குக் கணக்கு தப்பும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கதவுக்குப் பூட்டு மாற்றின கதை.

ஐடிலிங் ஏறுகிறது என்றால் ஒரே அர்த்தம்: கால் வைக்காமலே இன்ஜினுக்குள் காற்று அதிகமாகப் போகிறது. ஒன்று, இசிஎம்மே தெரிந்துதான் அந்தக் காற்றை விடுகிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்தாலோ, ஏசி லோடு இருக்கிறது என்று நினைத்தாலோ விடும். இல்லையென்றால் இசிஎம்முக்குத் தெரியாமல் எங்கோ உறிஞ்சுகிறது. பழைய வண்டிகளில் பலவற்றில் காற்றை நேராக அளக்கிற சென்சார் இல்லை. மேப் சென்சார் மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குக் காற்று போகிற குழாய்த் தொகுதி) உள்ள அழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோல் கணக்குப் போடும். அதனால் லீக் வழியாக வந்த காற்றுக்கும் சேர்த்தே பெட்ரோல் ஊற்றுகிறது. பெரும்பாலும் ஸ்கேனரில் ஃபால்ட் கோடு (பிழைக் குறி) எதுவும் வராது, சுற்று மட்டும் ஏறும். "ஸ்கேனரில் ஒன்றும் காட்டவில்லை, ஆகவே இசிஎம் போச்சு" என்று சொல்வது தலைகீழ் வாதம்.

ஏறி இறங்குவதற்கும் காரணம் இதுதான். மூடிய த்ராட்டிலில் சுற்று ஓர் அளவைத் தாண்டினால், வண்டி இறக்கத்தில் போகிறது என்று நினைத்து இசிஎம் பெட்ரோலை நிறுத்தும். சுற்று விழும். மறுபடி பெட்ரோல் வரும், மறுபடி ஏறும். பார்க்கிறவருக்கு எலக்ட்ரானிக் கோளாறு போலத்தான் தெரியும்.

கண்டுபிடிக்கிற வழி எளிது, பட்டறையில் நீங்கள் பக்கத்தில் நின்று செய்யச் சொல்லலாம். இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கட்டும். முதலில் ஆக்ஸிலரேட்டர் கேபிளில் சில மில்லிமீட்டர் தொய்வு இருக்கிறதா, த்ராட்டில் லீவர் ஸ்டாப் ஸ்குரூவில் வந்து முட்டுகிறதா என்று பாருங்கள். தரைவிரிப்பு பெடலை அழுத்திக்கொண்டிருந்து அதற்கு மோட்டார் மாற்றினவர்களும் உண்டு. பிறகு ஏர் டக்ட் என்கிற காற்றுக் குழாயைக் கழற்றி, த்ராட்டில் தட்டுக்கு முன்னால் இருக்கிற ஐடிலிங் துளையை விரலால் அடையுங்கள். சுற்று சட்டென்று விழுந்தால் காற்று ஐடிலிங் மோட்டார் வழியாகத்தான் போகிறது. மோட்டார் சிக்கியிருக்கலாம், அல்லது இசிஎம் வேண்டுமென்றே திறந்திருக்கலாம். விரலால் அடைத்தும் சுற்று அசையவில்லை என்றால் லீக்கைத் தேடுங்கள், மோட்டார் பக்கமே போகாதீர்கள். துளையைத் துணியால் அடைக்காதீர்கள், உள்ளே இழுத்துக்கொள்ளும். காற்றை நேராக அளக்கிற ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் டக்ட்டைக் கழற்றினால் இன்ஜின் ஒழுங்காக ஓடாது. அதில் இந்தச் சோதனை செல்லாது.

லீக் தேட, மேனிஃபோல்டில் இருந்து போகிற ஒவ்வொரு ரப்பர் ஹோஸையும் மூக்குப் பிளையரில் துணி சுற்றி மெதுவாக நசுக்குங்கள். இன்ஜினின் உள்புகையை மேனிஃபோல்டுக்குக் கொண்டுவருகிற பிசிவி ஹோஸ், பிரேக் மிதிக்க உதவுகிற பிரேக் பூஸ்டர் ஹோஸ், பெட்ரோல் டேங்க் ஆவியைக் கொண்டுவருகிற கேனிஸ்டர் பர்ஜ் ஹோஸ், மேப் சென்சாருக்குப் போகிற சின்ன ஹோஸ். மேப் ஹோஸை நசுக்கினால் இன்ஜின் தானே தடுமாறும், அதை லீக் என்று எடுத்துக்கொள்ளாமல் கண்ணால் மட்டும் பாருங்கள். மற்றதில் எதை நசுக்கும்போது சுற்று சாதாரண அளவுக்கு இறங்குகிறதோ, காற்று அந்த வழியில்தான் போகிறது. ஹோஸே வெடித்ததா, அதன் மறுமுனையில் உள்ள வால்வு மூடாமல் நிற்கிறதா என்று அடுத்து பார்க்கலாம். மேனிஃபோல்ட் கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓ-ரிங் பக்கம் சந்தேகம் இருந்தால் சோப்புத் தண்ணீர் ஸ்ப்ரே போதும். லீக் இருந்தால் சுற்று மாறும். பெட்ரோலை ஊற்றிப் பார்க்கிற பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்ய விடாதீர்கள். ஊதுபத்திப் புகையும் வேண்டாம். பக்கத்திலேயே இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுவருகிற குழாய்.

நம் கதையில் வெடித்திருந்தது பிசிவி ஹோஸ். எல் வடிவ வளைவின் அடிப்பக்கம், கண்ணில் படாத இடம். ஆயிலில் ஊறி, தொட்டால் பிசுபிசு என்றிருந்தது. விரலால் மடக்கினால் ஓர் அங்குல நீளத்துக்கு வாய் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். மேலே இருந்து பார்த்தால் புதுசு மாதிரி. பதினைந்து வருடம் தாண்டிய வண்டியில் எல்லா வேக்கம் ஹோஸையும் ஒரு தடவை விரலால் மடக்கிப் பார்ப்பது நல்லது.

லீக் அடைத்த பிறகும் மலை இறங்கினால் 1,400 நின்றது. அதற்குக் காரணம் தெர்மோஸ்டாட். வெயில் காலத்தில் இன்ஜின் சூடாகிறது என்று போனால் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போடுவது நம் ஊரில் சர்வசாதாரணம். சேலத்து மே மாதத்தில் அது தெரியாது. ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கும்போது கால் ஆக்ஸிலரேட்டரில் இல்லை, பெட்ரோல் நின்றிருக்கிறது, இன்ஜினில் சூடு பிறக்கவே இல்லை. ரேடியேட்டரோ தடையில்லாமல் குளிர்வித்துக்கொண்டே இருக்கிறது. கூலன்ட் 55, 60 டிகிரிக்கு விழுந்துவிடும். அடிவாரத்தில் நின்றதும் இசிஎம் "இன்ஜின் குளிர்ந்திருக்கிறது" என்று ஐடிலிங்கைத் தூக்குகிறது. இதில் இசிஎம் மேல் தப்பே இல்லை, அதன் வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது.

தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, காலையில் குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டர் மேல் ஹோஸில் கை வையுங்கள். முதல் சில நிமிடம் குளிர்ச்சியாக இருந்து, இன்ஜின் சூடான பிறகு சட்டென்று சுட வேண்டும். ஆரம்பத்தில் இருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பானால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தே சிக்கியிருக்கிறது. ஹோஸ் கை வைக்க முடியாமல் சுடுகிறது, ஸ்கேனரில் மட்டும் 40 டிகிரி காட்டுகிறது என்றால் கூலன்ட் சென்சாரைச் சந்தேகப்படலாம். கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் பெரும்பாலானவை 20 டிகிரியில் இரண்டரை கிலோ ஓம் பக்கம், 80 டிகிரி வெந்நீரில் 300 ஓம் பக்கம் காட்டும். கூலன்ட் குறைந்து உள்ளே காற்று நின்றாலும் இதே பிழை வரும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் 1,300, 1,500 இருந்து சில நிமிடத்தில் இறங்குவது கோளாறு இல்லை. மார்கழியில் ஏற்காட்டில் இரவு நிறுத்திய வண்டிக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதேபோல் த்ராட்டில் பாடி கழுவிய அன்று ஐடிலிங் சற்று ஏறி நின்றால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். அழுக்குக்கு ஏற்பப் பழகியிருந்த இசிஎம் புது நிலைக்குப் பழக வேண்டும். "ஏற்காட்டுக்கு ஒரு செட்டிங், சேலத்துக்கு ஒரு செட்டிங்" என்று காசு கேட்டால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிதாவதை மேப் சென்சாரே பார்த்துக்கொள்ளும்.

நசுக்கும்போது சுற்று இறங்கியது பிரேக் பூஸ்டர் ஹோஸாக இருந்தால் அந்த வண்டியை மலைக்கு எடுக்கவே கூடாது. இன்ஜினை அணைத்து பெடலை நான்கைந்து தடவை மிதித்து, கெட்டியான பிறகு காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாக உள்ளே இறங்க வேண்டும். பிறகு பெடலை மிதித்தபடியே இன்ஜினை அணைத்து அரை நிமிடம் வைத்திருங்கள், பெடல் மேலே தள்ளக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் முதல் வேலை பூஸ்டர்தான். ஐடிலிங் 1,700-ல் நிற்கிற வண்டிக்கு இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கும் சரியாகக் கிடைக்காது, எல்லாப் பாரமும் பிரேக்கின் மேல்தான் விழும்.

இசிஎம் கெடவே கெடாது என்று சொல்லவில்லை. ஐடிலிங் மோட்டார் சுருள் ஷார்ட் ஆனால் அதை ஓட்டுகிற இசிஎம் பகுதி எரியலாம். ஆனால் அப்படியென்றால் முதலில் மோட்டார் சுருளின் ஓம் அளவைக் காட்டச் சொல்லுங்கள். ஷார்ட் ஆன மோட்டாரை வைத்துக்கொண்டே வேறு இசிஎம் மாட்டினால் அதுவும் எரியும். அளக்காமல் சொன்னால் குருட்டு அடி. என் அபிப்பிராயத்தில் டிபிஎஸ் தெரியாமல் போட்டது, பழைய மோட்டாரைக் கழுவிப் "புது" என்றது தெரிந்தே செய்தது, இசிஎம்மும் தெரிந்தே போட்டது. ஓடுகிற நல்ல இசிஎம்மைக் கழற்றி எடுத்துக்கொண்டு, தன்னிடம் கிடந்ததை விற்றுவிட்டு, கழற்றியதை அடுத்தவருக்கு "ரீகண்டிஷன்" என்று தருகிற வியாபாரம் அது.

வண்டியை விடும்போது இசிஎம் லேபிள், ஐடிலிங் மோட்டார், டிபிஎஸ், ஸ்டாப் ஸ்குரூவின் பெயிண்ட் நான்கையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாமான்களில் பெயிண்டால் ஒரு புள்ளி வையுங்கள். "பழைய சாமான் அத்தனையும் திருப்பித் தர வேண்டும், கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது" என்று வாட்ஸ்அப்பில் எழுதி அவர்கள் சரி என்ற பிறகு சாவியைக் கொடுங்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதியலாம். சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போவதென்றால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை.

இந்த வண்டிக்குப் புது பிசிவி ஹோஸ், தெர்மோஸ்டாட், கேஸ்கெட் போட்டு, கூலன்ட் நிரப்பிக் காற்று எடுத்து, ஸ்டாப் ஸ்குரூவை லீவரைத் தொடும் வரை திருகி, தட்டு சிக்காத அளவுக்கு இன்னும் ஒரு துளி மட்டும் திருகி வைத்து, டிபிஎஸ் வோல்ட் சரிபார்த்ததில் 850-ல் நிற்கிறது. பதிவுத் தபாலில் நோட்டீஸ் போனதும், ஸ்கிராப்புக்குப் போனதாகச் சொன்ன இசிஎம் திரும்பி வந்தது. அதை மாட்டிய பிறகு ஏசியிலும் அணைவதில்லை. பணம் இன்னும் வரவில்லை, ஆணையத்தில் மனு கொடுத்தாகிவிட்டது.