ஒட்டாகோ முயலுக்கு எந்த .22 தோட்டா?

நியூசிலாந்தின் தென்தீவில், சென்ட்ரல் ஒட்டாகோவில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறேன். புதிதாக நட்ட கொடியின் பட்டையை முயல் சுற்றிலும் கடித்து உரித்துவிட்டால் அந்தக் கொடி அவ்வளவுதான். 1997-ல் முயல்களைக் கொல்லும் வைரஸை யாரோ சட்டவிரோதமாக இங்கே கொண்டுவந்து பரப்பினார்கள். 2018-ல் அதிகாரபூர்வமாகவே அந்த வைரஸின் கே5 என்ற வகையை விட்டார்கள். இரண்டிலும் தப்பியவை எதிர்ப்புச் சக்தியோடு மறுபடி பெருகிவிட்டன. விஷம் வைத்தால் தோட்டத்து நாய்களை நினைத்துப் பயம். கடைசியில் மிஞ்சுவது இரவு, விளக்கு, துப்பாக்கி.

இங்கே துப்பாக்கி லைசென்ஸ் எடுத்த நம் ஆட்கள் என்னிடம் முதலில் கேட்பது .22-க்கு, அதாவது 0.22 அங்குலக் குழல் விட்டமுள்ள துப்பாக்கிக்கு, எந்தத் தோட்டா வாங்கலாம் என்றுதான். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இதை அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே காட்டு முயலைச் சுடுவது குற்றம். இங்கே இருப்பது ஐரோப்பாவிலிருந்து வந்த முயல். சட்டமும் மண்ணும் அதைப் பயிர்ப் பகையாகத்தான் பார்க்கின்றன.

என் கையில் இருப்பது சத்தத்தைக் குறைக்கும் சப்ரஸர் குழாய் மாட்டிய, ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் சாதாரண போல்ட் ஆக்‌ஷன் .22. சப்ரஸருக்கு இந்த நாட்டில் தனி அனுமதி தேவையில்லை. அதை வைத்துச் சொல்கிறேன்: முயலுக்குத் தோட்டா வாங்கும்போது வேகத்தைத் தேடாதீர்கள், அமைதியைத் தேடுங்கள். கடைக்குப் போகும் எல்லோர் கண்ணும் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வேகத்தின் மேல்தான் போகிறது. சப்ரஸர் அடக்குவது குழலின் வாயில் வெடிக்கும் சத்தத்தை மட்டும். குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறந்தால், பறக்கும் வழி நெடுக அது எழுப்பும் 'பட்டீர்' சத்தத்தை எந்தக் குழாயாலும் அடக்க முடியாது. அந்தச் சத்தம் ஒரு தடவை கேட்டால் மேய்ந்துகொண்டிருக்கும் மற்ற முயல்கள் அத்தனையும் வளைக்குள் போய்விடும். ஒலியைவிட மெதுவாகப் பறக்கும் சப்சோனிக் தோட்டா என்றால் பக்கத்து முயல் காதைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி புல்லில் வாயை வைக்கும்.

காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். உறைநிலையில் 331. எங்கள் குளிர்கால இரவுகளில் வெப்பம் அதற்கும் கீழே போகும். அதனால் பெட்டியில் 326 மீட்டர் என்று போட்டிருக்கும் தோட்டாவுக்கும் ஒலியின் வேகத்துக்கும் எங்கள் கோடையான ஜனவரியில் இருக்கும் இடைவெளி குளிர்காலமான ஜூலையில் இருக்காது. குளிரில் வெடிமருந்தும் கொஞ்சம் மந்தமாக எரிவதால் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஆனாலும் குளிர்காலத்துக்கு 320 பக்கம் இருப்பதையே நான் எடுப்பேன்.

இப்போது பெட்டிகளுக்கு வருகிறேன். நான் அதிகம் சுடுவது சிசிஐ கம்பெனியின் சப்சோனிக் ஹாலோ பாயிண்ட். 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம் ஈயம். நொடிக்கு 320 மீட்டர். முனையில் குழி இருப்பதால் பட்டதும் விரிந்து, உள்ளேயே தன் வேலையை முடித்துக்கொள்கிறது. 50 மீட்டரில் ஐந்து குண்டும் இரண்டு டாலர் நாணயத்துக்குள் அடங்க வேண்டும் என்பது என் அளவுகோல். என் துப்பாக்கியில் இது அடங்குகிறது. முயலின் தலை அளவு சின்னதுதான். அந்தக் கட்டுக்குள் வராத தோட்டாவை உயிரின் மேல் சுடக் கூடாது. காயம்பட்டு வளைக்குள் போன முயல் மணிக்கணக்கில் சாகும். அதைவிடச் சுடாமல் விடுவது நல்லது.

வின்செஸ்டரின் 42 கிரெய்ன் சப்சோனிக் மேக்ஸும் இதே வேலைக்கு வந்ததுதான். வேகம் 325, முனைக் குழி பெரியது. பட்ட இடத்தில் அது விழுத்தும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். பக்கத்துத் தோட்ட நண்பர் இதைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. அவர் துப்பாக்கிக்கு அது ஒத்துப்போகிறது, என்னுடையதற்குச் சிசிஐ. .22-ல் இது சகஜம். ஒரே கம்பெனியின் இரண்டு துப்பாக்கிகள்கூட வேறு வேறு தோட்டாவை விரும்பும்.

சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டியைப் பயிற்சிக்கு வைத்திருக்கிறேன். 40 கிரெய்ன், 326 மீட்டர், முனை உருண்டை. அட்டையில் சுட அருமையான தோட்டா. ஆனால் உருண்டை முனை விரியாது, உடம்பில் பட்டால் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும். எனவே முயலுக்கு எடுப்பதில்லை. அதே கம்பெனியின் குவயட்-22 வெறும் 216 மீட்டர் வேகம். கொட்டகைக்குப் பக்கத்தில், வீட்டு ஆட்கள் தூங்கும்போது, 30 மீட்டருக்குள் சுட நன்றாக இருக்கும். செமி ஆட்டோ வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அந்த வேகத்துக்குத் துப்பாக்கி தானாக அடுத்த தோட்டாவை ஏற்றாது, கையால் இழுக்க வேண்டியிருக்கும்.

சிசிஐயின் அதிவேகத் தோட்டாவான ஸ்டிங்கர் 32 கிரெய்ன், 500 மீட்டர் வேகம். பகலில், தனியாக நிற்கும் ஒரு முயலுக்குச் சரி. இரவில் கூட்டத்தின் நடுவே அதன் சத்தம் மறு வாய்ப்பே தராது.

சப்சோனிக்கின் குறை தூரத்தில் தெரியும். 50 மீட்டருக்கு ஸ்கோப்பைச் சரிசெய்து வைத்தால் 100 மீட்டரில் குண்டு கிட்டத்தட்ட ஒரு சாண் கீழே போகும். இருட்டில் தூரத்தைத் தப்பாகக் கணிப்பது மிகச் சுலபம். அதனால் 60 மீட்டருக்கு அப்பால் நான் விசையைத் தொடுவதில்லை. நடந்து கிட்டே போகிறேன். நடக்க முடியாத சரிவுகளுக்கு .17 எச்எம்ஆர் என்ற, இன்னும் மெல்லிய குண்டுள்ள வேறொரு தோட்டா இருக்கிறது. 2002-ல் வந்தது. .22 மேக்னம் என்ற பெரிய தோட்டாவின் கூட்டைக் குறுக்கி, 17 கிரெய்ன் குண்டை 777 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. 120 மீட்டர் வரை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். ஆனால் காற்று தள்ளிவிடும், சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும், தோட்டா விலையும் .22-ஐவிடப் பல மடங்கு. உடம்பில் பட்டால் கறிக்கும் மிச்சம் இருக்காது.

அந்த .17-க்கு ஒரு பெரிய நல்ல குணம் உண்டு: அந்த மெல்லிய குண்டு பட்டதும் சிதறிவிடும். எங்கள் மண் முழுக்க ஷிஸ்ட் பாறை. மெதுவாகப் போகும் கனமான ஈயக் குண்டு பாறையில் சாய்வாகப் பட்டால் விசில் அடித்துக்கொண்டு வேறு பக்கம் பறக்கும். .22 குண்டு ஒன்றரை கிலோமீட்டர் தாண்டியும் போகக்கூடியது. சப்சோனிக்தானே என்று யாரும் அலட்சியமாக இருக்க வேண்டாம். முயலுக்குப் பின்னால் மண் சரிவு தெரிந்தால் சுடுங்கள். பாறையோ வானமோ தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

மலிவுப் பெட்டிகளைப் பற்றிக் கேட்பார்கள். மொத்தமாக 500 வரும் ஒரு பெட்டியில் எனக்கு அடிக்கடி தோட்டா வெடிக்காமல் போனது. .22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாக்களில் தீப்பொறி மருந்து தோட்டாவின் அடி விளிம்புக்குள் பூசப்பட்டிருக்கும். ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போதுதான் பற்றுகிறது. ஒரு பக்கம் மருந்து சரியாகப் பரவாவிட்டால் அந்தப் பக்கத்தில் அடித்தாலும் பற்றாது. அப்படி ஆனால் உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள். குழலை மண் பக்கம் காட்டியபடி அரை நிமிடம் பொறுங்கள், தாமதமாகவும் வெடிக்கலாம். வெடிக்காத சின்ன 'டிக்'கூட முயலை விரட்டப் போதும் என்பதால், அந்தப் பெட்டியில் மிச்சம் பிடித்த காசு எனக்கு லாபமாகத் தெரியவில்லை.

புதிதாக வாங்குபவர்கள் லைசென்ஸ் அட்டையோடு போய், மூன்று நான்கு வகைச் சப்சோனிக் ஹாலோ பாயிண்டில் 50 தோட்டா உள்ள சின்னப் பெட்டி ஒவ்வொன்று எடுத்து வாருங்கள். காற்றில்லாத காலையில் 50 மீட்டரில் அட்டை வைத்துச் சுடுங்கள். ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் பத்துப் பதினைந்து குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஈயத்தின் மேல் பூசும் மெழுகு வேறு. பழைய மெழுகு போய்ப் புதியது குழலுக்குள் படிந்த பிறகுதான் உண்மையான கட்டு, அதாவது குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது, தெரியும். ஒன்று பொருந்தியதும் பெட்டியின் மடிப்பில் அச்சடித்திருக்கும் லாட் எண்ணை, அதாவது எந்தத் தொகுதியில் செய்தது என்பதைக் காட்டும் எண்ணை, குறித்துக்கொண்டு, அதே எண்ணில் கடையில் இருப்பதை ஒரு வருடத்துக்குப் போதுமான அளவு வாங்கிவிடுங்கள். லாட் மாறினால் கட்டும் மாறலாம், அப்புறம் மறுபடி அட்டையிலிருந்து தொடங்க வேண்டும்.