"சி வயர் தேவையில்லை" என்ற வரியை நம்பாதீர்கள்: ஸ்மார்ட் தெர்மோஸ்டாட், நான்கு குளிர்காலங்களுக்குப் பிறகு

நான் நான்கு குளிர்காலமாகப் பயன்படுத்தும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டின், அதாவது வீட்டின் சூட்டையும் குளிரையும் கட்டுப்படுத்தும் சுவர்க் கருவியின், விலை நன்றாக இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று டொரொன்டோவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு நண்பர் கேட்டார். போன் ஆப், நேர அட்டவணை, வைஃபை எல்லாம் அவருக்கே தெரியும். பெட்டியில் அச்சடித்திருக்கும் ஒரே ஒரு வரியைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்: "சி வயர் தேவையில்லை".

கேஸ் ஃபர்னஸ் (கேஸை எரித்து வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) உள்ள கனடா வீடுகளில் சுவர் தெர்மோஸ்டாட்டுக்கு வருவது 24 வோல்ட் மாறுதிசை மின்சாரம். ஃபர்னஸுக்குள் இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர், பெரும்பாலும் 40 விஏ (வோல்ட்-ஆம்பியர்) திறனுள்ளது, 120 வோல்ட்டைக் குறைத்து அனுப்புகிறது. வயர்களுக்கு எழுத்துதான் பெயர்: ஆர் வயரில் வருவதை டபிள்யூவோடு சேர்த்தால் சூடு, ஒய்யோடு சேர்த்தால் குளிர், ஜியோடு சேர்த்தால் ஃபேன். பாதரசக் குமிழ் வைத்த பழைய தெர்மோஸ்டாட் வெறும் சுவிட்ச். தனக்கென்று அதற்கு மின்சாரமே வேண்டாம். அதனால்தான் பழைய வீடுகளின் சுவருக்குள் நான்கு வயர் கேபிளோ, சூடு மட்டும் என்றால் இரண்டு வயரோ ஓடுகிறது. திரையும் வைஃபையும் உள்ள கருவிக்கு நாள் முழுக்க மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் ஃபர்னஸுக்குத் திரும்பிப் போகும் பாதைதான் சி.

சி இல்லாவிட்டால் கருவி திருடிப் பிழைக்கிறது. ஃபர்னஸ் சும்மா இருக்கும் நேரத்தில் டபிள்யூ, ஒய் வயர்கள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து உள்ளே இருக்கும் பேட்டரியை நிரப்பிக்கொள்ளும். சில ஃபர்னஸ்களின் கட்டுப்பாட்டு போர்டுகள் இந்தச் சின்ன மின்னோட்டத்தையே உத்தரவு என்று எடுத்துக்கொள்ளும். போர்டில் உள்ள ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) டிக் டிக்கென்று அடிக்கும். ஃபர்னஸ் ஓடத் தொடங்கியதும் டபிள்யூ வழியே கிடைப்பது மிகவும் சுருங்கிவிடும். ஏசி (ஏர்கண்டிஷனர்) இல்லாத வீட்டில் ஒய் பாதையும் கிடையாது. ஆக, வெளியே மைனஸ் இருபதில் ஃபர்னஸ் நிற்காமல் ஓடும் இரவில்தான் பேட்டரி வற்றும். முதலில் வைஃபை போகும், அப்புறம் திரை, கடைசியில் சூடே நின்றுவிடும். வீட்டில் குழந்தைகளும் வயதானவர்களும் தூங்கும் இரவில் கைவிடக்கூடிய ஒன்றை "தேவையில்லை" என்று சொல்லி விற்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

சி வயர் கொடுத்தபின் இதே கருவி ஒருநாள்கூட அணைந்ததில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கொடுப்பது எப்படி? ஃபர்னஸ் சுவிட்சையும் பிரேக்கரையும் அணையுங்கள். பழைய தெர்மோஸ்டாட்டின் முகப்பைக் கழற்றி, எந்த எழுத்தில் எந்த வயர் என்று போட்டோ எடுங்கள். நிறத்தை நம்ப வேண்டாம், எழுத்துதான் கணக்கு. யாரும் பயன்படுத்தாத நீல வயர் சுவருக்குள் சுருண்டு கிடந்தால் பாதி வேலை முடிந்தது. அதன் ஒரு முனையைப் புதிய தெர்மோஸ்டாட்டின் சியிலும், மறுமுனையை ஃபர்னஸ் போர்டில் சி என்ற இடத்திலும் மாட்டுங்கள். ஏசி உள்ள வீட்டில் போர்டின் சியில் ஏற்கெனவே ஒரு வயர் இருக்கும், அது வெளியே உள்ள ஏசி யூனிட்டுக்குப் போவது. அதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுபவர்கள் பலர், கோடையில் ஏசி ஓடாதபோதுதான் தெரியவரும். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். வயர் முனையில் ஒரு சென்டிமீட்டர் உரித்தால் போதும். மூடிவிட்டு மின்சாரம் கொடுத்து, ஆர், சி இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 24 முதல் 28 வோல்ட் மாறுதிசை மின்சாரம் காட்ட வேண்டும்.

ஒன்றுமே காட்டாவிட்டால் முதலில் ஃபர்னஸ் கதவைச் சரியாக மூடினீர்களா என்று பாருங்கள். கதவுக்குப் பின்னால் ஒரு சுவிட்ச் உண்டு, அது அழுந்தினால்தான் மின்சாரம் வரும். அடுத்து போர்டில் உள்ள ஃபியூஸ். மின்சாரம் இருக்கும்போது ஆர் வயர் சியிலோ ஃபர்னஸின் உலோகத் தகட்டிலோ ஒரு நொடி உரசினாலே போய்விடும். கார்களில் போடும் அதே தட்டை ஃபியூஸ்தான், 3 ஆம்பியர் ஊதா அல்லது 5 ஆம்பியர் இளம்பழுப்பு. எரிந்தது எதுவோ அதே அளவு மட்டும் போடுங்கள். ஃபியூஸே இல்லாத பழைய ஃபர்னஸில் டிரான்ஸ்ஃபார்மரே கருகும்.

உதிரி வயர் இல்லையென்றால் 18 கேஜ் தடிமனில் ஐந்து வயர் கேபிள் புதிதாக இழுப்பதுதான் நல்ல வழி. பழைய கேபிளில் கட்டி இழுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் அதை மரச்சட்டத்தில் ஆணியடித்திருப்பார்கள். சி வயருக்குப் பதிலாக ஃபர்னஸ் பக்கம் மாட்டும் அடாப்டரும் வேலை செய்யும். ஜி வயரைச் சியாக மாற்றினால் ஃபேனைத் தனியாக ஓட்ட முடியாது. ஏசி இருந்தால் போர்டில் ஒய், ஜி இரண்டுக்கும் நடுவே ஒரு ஜம்பரும் (இணைக்கும் குட்டி வயர்) வேண்டும், இல்லாவிட்டால் குளிருக்கு ஃபேன் சுற்றாது. சுவரில் தடித்த வயர்களும் 240 வோல்ட் பேஸ்போர்ட் ஹீட்டரும் (சுவரின் அடியில் பொருத்தும் மின் ஹீட்டர்) உள்ள வீடு என்றால் இந்த வகைக் கருவியைத் தொடவே கூடாது.

எதிர்பாராத மகிழ்ச்சி கிடைத்த இடம் சுவர் ஓட்டை. வயர் வரும் துளை வழியே பேஸ்மென்டின் குளிர்காற்று மேலே ஏறி, நேராக சென்சார் மேல் வீசும். அறை 21 டிகிரியில் இருந்தாலும் கருவி 19 என்று படித்து ஃபர்னஸை ஓட்டிக்கொண்டே இருக்கும். ஒரு கைப்பிடி புட்டியால் அடைத்ததும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. இப்போது வெப்பம் அரை டிகிரிக்குள் நிற்கிறது. செட்டிங்கில் மணிக்கு எத்தனை முறை ஃபர்னஸ் ஓடலாம் என்பதையும் பாருங்கள். 90 சதவீதத் திறனுக்கு மேற்பட்ட ஃபர்னஸுக்கு 3, பழைய வகைக்கு 5.

சூடு சீராக இருக்கிறது, அட்டவணை தவறுவதில்லை, நான்கு வருடத்தில் எதுவும் உடையவில்லை. ஆனாலும் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டுதான். குறைத்தது முழுக்க அந்த ஒரு வரிக்காக.

நண்பருக்கு என் பதில்: தள்ளுபடி முடிவதற்குள் சுவரில் இருக்கும் முகப்பைக் கழற்றிப் பாருங்கள். உதிரி வயர் இருந்தால் அன்றைக்கே வாங்குங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தில் முதலில் கேபிளை இழுங்கள்.