சித்தியின் சிவப்புக் கல் மூக்குத்தி

"நான் எப்போதடா சிவப்புக் கல் மூக்குத்தி போட்டேன்?" என்று சித்தி கேட்டார். செங்கோட்டையில் எங்கள் தெரு அம்மன் கோவில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் காலை அது. இரவு முழுக்க நான் எடுத்த படங்களைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தவர், புடவைக் கரை சரியாக விழுந்திருக்கிறதா என்று விரலால் பெரிதாக்கி, அங்கிருந்து முகத்துக்கு வந்திருக்கிறார். மூக்கின் இடது பக்கம் ரத்தச் சிவப்பில் ஒரு புள்ளி. சித்தி மூக்கே குத்திக்கொள்ளாதவர்.

அடுத்த படத்தில் அதே புள்ளி வில்லுப்பாட்டுக்காரரின் காதில். அதற்கடுத்ததில் பந்தல் விளக்குக்கும் இருட்டுக்கும் நடுவே. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த படங்களில் மட்டும் வேறு பக்கம். திருப்பிப் பார்த்தால் அதுவும் சென்சாரின், அதாவது கேமராவுக்குள் ஒளியை வாங்கும் தகட்டின், அதே இடம்தான். நான் கால்கரியில் 14 வருடமாக இருக்கிறேன். அங்கே இந்தக் கேமராவில் பனியும் மலையுமாக ஆயிரக்கணக்கில் எடுத்திருக்கிறேன். ஒரு புள்ளியும் கண்ணில் பட்டதில்லை. ஊருக்கு வந்த ஆறாம் நாள் இப்படி.

முதலில் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரே நிறத்தில் சிக்கிக்கொண்ட பிக்சலை, அதாவது படத்தை உண்டாக்கும் நுண்புள்ளியை, விடுவிக்கத் திரையில் வண்ணங்களை மாற்றி மாற்றி மின்னவிடும் காணொளிகள் உண்டு. அதைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டு, கேமராவை அதன் முன் இருபது நிமிடம் நிறுத்தி வைத்தேன். தொலைக்காட்சிக்குக் கண்ணேறு கழிக்கிறேனா என்று சித்தி மகன் கேட்டான். அந்த வைத்தியம் எல்சிடி திரைகளுக்கானது, அங்கும் எப்போதாவதுதான் பலிக்கும். சென்சாரில் இருப்பது ஒளியை வாங்கி மின்னூட்டமாகச் சேர்க்கும் சிலிக்கான் குழிகள். ஒளி விழாதபோதும் ஒரு குழியில் மின்னூட்டம் கசிந்து சேர்ந்தால், எத்தனை வண்ணம் காட்டினாலும் அது அடைபடாது.

தென்காசியில் ஒரு கேமராக் கடையில் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் "தூசி" என்றார்கள், ஊதுபந்தால் நாலு முறை ஊதினார்கள், 300 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். சென்சார்மேல் தூசி இருந்தால் படத்தில் கருப்பாக, ஓரம் கலங்கிய வட்டமாக விழும். எஃப் 16 போல லென்ஸின் துளையைச் சுருக்கி வானத்தை எடுத்தால் நன்றாகத் தெரியும், துளையைத் திறந்தால் கரைந்துவிடும். சிவப்பாக, கூர்மையாக, எந்தத் துளையிலும் ஒரே மாதிரி நிற்பது தூசி ஆகாது. இது தெரிந்திருந்தும் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஊரில் வாக்குவாதம் செய்யும் பழக்கம் விட்டுப்போயிற்று.

அடுத்தது திருவனந்தபுரம். 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊர் அந்தப் பக்கத்தைச் சேர்ந்ததுதான். இன்றும் பெரிய நோய் என்றாலும் பெரிய பழுது என்றாலும் எங்கள் தெருவில் பலருக்கு மனம் முதலில் மலை தாண்டித்தான் போகும். ஆரியங்காவு, தென்மலை, குளத்தூப்புழை வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல். பஸ் ஜன்னலோரம் கிடைத்ததால் போனதற்கு அது ஒன்றுதான் லாபம் என்று பிறகு சொல்லிக்கொண்டேன். அங்கே என் கேமரா நிறுவனத்தின் சேவை மையம் ஒன்று இருந்தது. வரிசை எண்ணைத் தட்டிப் பார்த்த பெண், மலையாளம் கலந்த தமிழில் மிகவும் மரியாதையாக மூன்று செய்திகள் சொன்னார். கனடாவில் வாங்கியதால் இங்கே உத்தரவாதம் செல்லாது. சென்சாரை மாற்றினால்தான் தீரும், அதற்குக் கேமராவை வேறு நகரத்துக்கு அனுப்ப வேண்டும், மூன்று வாரம் ஆகும். பரிசோதனைக் கட்டணம் 590 ரூபாய், அதாவது 500 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும். சென்சார் மாற்ற அவர்கள் சொன்ன தொகை கேமரா விலையில் பாதியைத் தாண்டியது. நான் திரும்ப ஒன்பது நாள்தான் இருந்தது.

அந்த மையத்தைக் குறை சொல்ல எனக்கு ஒரு காரணம்தான் உண்டு. ஆனால் அது பெரிய காரணம். 6000க்கு 4000 என்ற கணக்கில் 2 கோடியே 40 லட்சம் பிக்சல்கள் உள்ள சென்சாரில் ஒன்றிரண்டு கெட்டுப்போனதற்கு யாரும் சென்சாரை மாற்றுவதில்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஒவ்வொரு சென்சாரிலும் கெட்ட பிக்சல்கள் இருக்கும். அவற்றின் இடத்தைக் குறித்துவைத்து, அக்கம்பக்கத்து அளவுகளைக் கொண்டு நிரப்பித்தான் கேமராவை விற்கிறார்கள். புதிதாகக் கெட்டதையும் அந்தப் பட்டியலில் சேர்த்தால் போதும். அதற்குப் பெயர் பிக்சல் மேப்பிங். இது அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லையா, சொல்லக்கூடாது என்பது விதியா, அறியேன். எனக்கும் அன்று தெரியாது என்பதுதான் வெட்கம்.

எனக்குச் சொன்னவர் செங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி. பிலிம் காலத்திலிருந்து எல்லைக்கு இரு பக்கமும் கல்யாணம் எடுப்பவர். முகூர்த்த நாளில் காலையில் புனலூரிலும் மாலையில் கடையநல்லூரிலும் இருப்பார். சித்தியின் படத்தைப் பெரிய அளவில் அச்சடிக்கப் போயிருந்தேன். திரையில் பார்த்துவிட்டு, "தம்பி, கொடையில் எத்தனை மணி நேரம் வீடியோ ஓட்டினீர்கள்?" என்றார். விட்டு விட்டு மூன்று மணி நேரம். "உடம்பு சுட்டிருக்குமே?" கேமராவின் உடம்பைத்தான் கேட்டார். சுட்டது, கையில் பிடிக்க முடியாத அளவுக்கு.

லென்ஸ் மூடியைப் போடச் சொன்னார். நீண்ட நேரம் எடுக்கும் படங்களில் புள்ளிகளைத் துடைக்கும் நீள எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் என்ற வசதியை அணைக்கச் சொன்னார். நூறு ஐஎஸ்ஓவில், அதாவது குறைந்த ஒளி உணர்திறனில், அறுபதில் ஒரு நொடி: முழுக் கருப்பு. அப்படியென்றால் எப்போதும் எரியும் பிக்சல் இல்லை என்றார். அதே வேகத்தில் 6400 ஐஎஸ்ஓ: மூன்று புள்ளிகள், அவற்றில் சிவப்பு நம்முடையது. பிறகு முப்பது நொடி: திரை முழுக்கச் சிவப்பும் பச்சையும் நீலமுமாக, அமாவாசை வானம்போல. நான் பதறிவிட்டேன். "எந்தக் கேமராவை எடுத்தாலும் முப்பது நொடியில் இப்படித்தான்" என்று சிரித்தார்.

செத்த பிக்சல் எப்போதும் கருப்பு. மாட்டிக்கொண்டது எப்போதும் வெளிச்சம். மூன்றாவது வகை சூடான பிக்சல், நேரமும் வெப்பமும் கூடும்போது மட்டும் எட்டிப் பார்ப்பது. என்னுடையது இந்த மூன்றாவது. சென்சாரின் வெப்பம் ஏறத்தாழ ஆறிலிருந்து எட்டு டிகிரி கூடினால் இருட்டில் கசியும் மின்னோட்டம் இரட்டிப்பாகும். கால்கரிப் பனியில் தூங்கிக்கிடந்தது சித்திரை மாதத்துப் பந்தலில் விழித்துக்கொண்டது. ஒவ்வொரு பிக்சல்மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஏதோ ஒரு வடிகட்டி இருக்கும். நம்முடையதன் மேல் இருந்தது சிவப்பு. கேமரா வண்ணங்களைக் கோக்கும்போது பக்கத்துப் பிக்சல்களிலும் சாயம் ஏறி, ஒற்றைப் புள்ளி சிறு கல்லாகிவிட்டது. சென்சாரின் மூலப் பதிவான ரா கோப்பாக எடுத்திருந்தால் கணினியில் திறக்கும் மென்பொருள்களில் பல தாமாகவே அதைத் துடைத்திருக்கும். உடனே எல்லாருக்கும் அனுப்ப வேண்டும் என்று ஜேபெக் மட்டும் எடுத்தது என் அவசரம்.

விமானம்தான் காரணமாக இருக்குமோ என்றும் எனக்கு ஓர் எண்ணம் ஓடியது. சோதனைக் கூடத்து எக்ஸ்ரே டிஜிட்டல் சென்சாரை ஒன்றும் செய்யாது. ஆனால் பத்து கிலோமீட்டர் உயரத்தில் அண்டக் கதிர் தரையில் இருப்பதைவிடப் பல மடங்கு. அதன் துகள் ஒன்று சிலிக்கானில் மோதினால், கேமரா அணைந்திருந்தாலும் ஒரு பிக்சல் கெடலாம். விண்வெளி நிலையத்துக் கேமராக்களில் இப்படிப் புள்ளிகள் பெருகிக்கொண்டே போகும். என் புள்ளி பிறந்தது வானத்திலா பந்தலிலா என்று நிரூபிக்க வழியில்லை. அண்ணாச்சிக்கு அந்த ஆராய்ச்சியில் அக்கறையும் இல்லை.

கேமரா ஆறட்டும் என்று டீ வரவழைத்தார். படம் எடுத்த சூட்டோடு மேப்பிங் செய்யக்கூடாது. ஒலிம்பஸ் கையேட்டிலேயே ஒரு நிமிடமாவது காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஆண்டுக்கு ஒரு முறை செய்யவும் சொல்கிறார்கள். பானசோனிக்கில் அதற்கு வேறு பெயர், பிக்சல் ரெஃப்ரெஷ். கேனானில் பலர் சென்சாரைக் கையால் சுத்தம் செய்யும் நிலையில் அரை நிமிடம் வைத்துப் பின் அணைப்பார்கள், பல மாடல்களில் அதுவே வேலையை முடித்துவிடும். என் கேமராவில் மெனுவின் கடைசிப் பக்கத்தில் அது இருந்தது. மூன்று வருடத்தில் ஒரு முறையும் அந்தப் பக்கம் போனதில்லை. பேட்டரி நிறைந்திருக்கிறதா பார்த்து, மூடியைப் போட்டு, பொத்தானை அழுத்தினோம். டீ ஆறுவதற்குள் முடிந்தது.

மூன்றில் இரண்டு போயிற்று. சிவப்பு போயிற்று. "போகவில்லை தம்பி, அது அங்கேயேதான் கெட்டுக் கிடக்கிறது. வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரனுக்குத் தொண்டை கட்டினால் மற்றவர்கள் சேர்த்துப் பாடிவிடுவார்கள் இல்லையா, அதுதான்" என்றார் அண்ணாச்சி.

இரண்டு நாள் கழித்துக் குண்டாறு அணைப் பக்கம் இரவில் நட்சத்திரம் எடுக்கப் போனபோது நாய்ஸ் ரிடக்‌ஷனைத் திரும்பப் போட்டுக்கொண்டேன். முப்பது நொடிப் படத்துக்குப் பின் இன்னொரு முப்பது நொடி ஷட்டரை மூடியபடி இருட்டையே எடுத்து, அதில் தெரியும் புள்ளிகளை முதல் படத்திலிருந்து கழிக்கும் ஏற்பாடு அது. படம் சுத்தமாக வந்தது. காத்திருந்த ஒவ்வொரு அரை நிமிடமும் கொசுவுக்கு.

மேப்பிங் இனி எடுக்கும் படங்களுக்குத்தான், எடுத்தவற்றுக்கு இல்லை. கணினியில் சித்தியின் மூக்கைத் துடைத்துக் கோப்பை அனுப்பினேன், ஆனால் அனுப்பியது பழைய கோப்பு. அச்சு வந்தபோது 12க்கு 18 அங்குலத்தில் சிவப்புக் கல் பளிச்சென்று இருந்தது. மறுபடி அச்சடிக்கக் காசு தருகிறேன் என்றேன். அண்ணாச்சி மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து, பிலிம் காலத்து டச்சிங் தூரிகையை எடுத்தார். நாலைந்து மயிர்தான் மிச்சமிருந்தது. நுனியை நாக்கில் தொட்டுக் கூர் பார்த்து, பழுப்பு மையில் தோய்த்து, மூச்சை அடக்கி ஒரே ஒரு முறை ஒற்றினார்.

அச்சுக்கு 350 ரூபாய் வாங்கிக்கொண்டார். மேப்பிங்குக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு டீக் காசைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.