பிடிவாரண்டோடு பறப்பதா, தீர்த்துவிட்டுப் பறப்பதா?

அமெரிக்காவில் போக்குவரத்து வழக்குக்கு ஆஜராகத் தவறினால்கூடப் பிடிவாரண்ட் வரலாம். அது இருக்கும்போது உள்நாட்டு விமானம் ஏறலாமா?

ஏறுபவர்கள் பலர் சிக்காமல் போய்விடுகிறார்கள். பாதுகாப்புச் சோதனை நடத்தும் டி.எஸ்.ஏ. அடையாள அட்டையையும் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலையும்தான் முக்கியமாகப் பார்க்கிறது. அதன் சோதனை ஊழியர்களுக்குக் கைது அதிகாரமும் இல்லை. ஆனால் பையில் மறந்துபோன ஒரு துப்பாக்கித் தோட்டா, கவுன்டரில் ஒரு வாக்குவாதம் போதும்: விமான நிலையப் போலீஸ் வந்து பெயரைத் தேசியக் குற்றத் தரவுத்தளத்தில் தட்டிப் பார்க்கும். வேறு மாநில வாரண்ட் என்றால், சிறு குற்றத்துக்காக ஆளை அழைத்துப்போக அந்த மாநிலம் மெனக்கெடாமல் விடலாம். அதை நம்பிக் குழந்தைகளோடு வரிசையில் நிற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தீர்ப்பதற்கு வக்கீல் செலவும் சில நாட்களும் ஆகும். இருந்தாலும் நான் இதையே சொல்வேன். வாரண்ட் தானாகக் காலாவதி ஆவது அரிது. கலிஃபோர்னியாவில் பெரும்பாலான சிறு குற்ற வழக்குகளில் உங்களுக்குப் பதிலாக வக்கீலே ஆஜராகி, வாரண்டைத் திரும்பப் பெறும்படி கேட்கலாம். ரத்தான உத்தரவின் நகலைப் பயணத்தில் கையோடு வைத்திருங்கள். தரவுத்தளத்தில் பெயர் நீங்கத் தாமதமாகலாம்.