கல்லீரல் கட்டிக்கு வழிகாட்டும் மென்பொருள்: ஃபியூஷனா, ரோபோ கையா?

பெங்களூருவில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில், கல்லீரல் கட்டிக்குள் ஊசியைச் சரியாகக் கொண்டுபோக வழிகாட்டும் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருந்தது. வாங்கியது அல்ட்ராசவுண்ட் ஃபியூஷன். நான் டெக்னீஷியன், ஊசி போடுவது டாக்டர். அதனால் இது மெஷின் பக்கத்தில் நிற்கிறவன் சொல்லும் கதை, என் சாய்வு எந்தப் பக்கம் என்பதும் இப்போதே தெரிந்திருக்கும்.

மைக்ரோவேவ் அப்லேஷன் என்பது பெரும்பாலும் 3 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிக்குள் ஊசி மாதிரியான ஆன்டெனாவைச் செலுத்தி, கட்டியோடு சேர்த்து அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 5 மி.மீ. நல்ல திசுவையும் சுட்டுவிடுவது. குடலிலிருந்து பரவிய கட்டி என்றால் 10 மி.மீ. கிடைத்தால் நல்லது என்பார்கள். ஊசி கொஞ்சம் தள்ளிப்போனால் ஒரு பக்கம் அந்த ஓரம் காணாமல் போய், கட்டி அங்கிருந்தே திரும்ப முளைக்கும். இத்தனை மென்பொருளும் இந்தச் சில மில்லிமீட்டருக்காகத்தான்.

ரோபோ கையில் சென்னை பெர்ஃபின்ட்டின் மேக்சியோ, பிரான்ஸின் எப்பியோன் எல்லாம் உண்டு. சி.டி. எடுத்து, திரையில் ஊசியின் பாதையைத் திட்டமிட்டால், கை அந்தக் கோணத்தில் போய் நிற்கும், டாக்டர் அதன் வழியாக ஊசியைச் செலுத்துவார். சாய்கோணத்தில் போக வேண்டிய ஊசிக்கும், ஒரே கட்டிக்குப் பல ஊசி போடும்போதும் இது அருமை, அதில் சண்டை இல்லை.

ஃபியூஷனில் நோயாளியின் பழைய சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படத்தை அல்ட்ராசவுண்ட் மெஷினுக்குள் ஏற்றுவோம். படுக்கைக்குப் பக்கத்தில் காந்தப்புலம் உண்டாக்கும் ஒரு டிரான்ஸ்மிட்டர், வயிற்றில் வைத்துப் பார்க்கும் ப்ரோபில் ஒரு சென்சர். ப்ரோபைச் சாய்க்கச் சாய்க்க, அதே கோணத்தில் சி.டி. படமும் பக்கத்தில் ஓடும். சுருங்கி முண்டும் முடிச்சுமாகிப்போன சிரோசிஸ் கல்லீரலில் வெறும் அல்ட்ராசவுண்டில் பிடிபடாத சின்னக் கட்டி எங்கே இருக்க வேண்டும் என்று அது காட்டிக்கொடுக்கும். ஜி.இ.யில் வால்யூம் நேவிகேஷன், கேனனில் ஸ்மார்ட் ஃபியூஷன் என்று பெயர்தான் மாறும், சங்கதி ஒன்றே.

சரி, என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது மூச்சு. சும்மா படுத்து மூச்சுவிடும்போதே கல்லீரல் ஒன்றிரண்டு செ.மீ. மேலும் கீழும் போய் வருகிறது, நமக்கு வேண்டியதோ 5 மி.மீ. ஓரம். ரோபோ நம்புவது சில நிமிடங்களுக்கு முன் எடுத்த படத்தை. ஊசி போகும்போது மூச்சு அதே இடத்தில் நின்றால்தான் கணக்கு சரி, அதனால்தான் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்து வென்டிலேட்டரை நிறுத்தி நிறுத்திச் செய்கிறார்கள். மயக்கமில்லாமல் செய்வதானால், ஓசூரிலிருந்து வந்த பெரியவருக்கு சி.டி. மெஷின் இந்தியில் சொல்லும் "சான்ஸ் ரோக்கியே" விளங்காமல், நாங்கள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மைக்கில் "மூச்சைப் பிடிங்க ஐயா" என்று கத்த வேண்டும், அவர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு இழுப்பார். ஊசி தள்ளிப்போனது அடுத்த சி.டி. எடுத்தால்தான் தெரியும்.

ஃபியூஷனிலும் இதே தவறு வரும், வராமல் இருக்காது. பழைய சி.டி. ஆழ மூச்சில் எடுத்தது, ஆள் இப்போது மேலோட்டமாக மூச்சுவிடுகிறார், போதாக்குறைக்கு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறோம், கல்லீரலின் வடிவமே கொஞ்சம் மாறியிருக்கும். ஆனால் தவறு கண் முன்னாலேயே தெரிகிறது: சி.டி.யில் போர்ட்டல் ரத்தக்குழாய் பிரியும் இடமும் அல்ட்ராசவுண்டில் அது பிரியும் இடமும் விலகி நிற்கும். அங்கேயே நிறுத்தி, கட்டிக்குப் பக்கத்துக் குழாய்க் கிளையை வைத்து மறுபடி பொருத்திவிடலாம், கதிர்வீச்சும் கிடையாது. மெஷின் சொல்வது தப்பு என்று அந்த நொடியே தெரிகிற மெஷின்தான் எனக்கு வேண்டும்.

பராமரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சென்சர் வயர் மடங்கி மடங்கிக் கெடும், சி.எம்.சி.யில் (முழுப் பராமரிப்பு ஒப்பந்தம்) அது சேர்ந்திருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பாருங்கள். டிரான்ஸ்மிட்டருக்குப் பக்கத்தில் இரும்புச் சாமான் இருந்தால் படம் பிசகும். ரோபோவுக்கு சி.டி. அறையே வேண்டும், வெளியே வரிசையில் காத்திருக்கும் ஸ்கேன் கூட்டத்தை யார் சமாளிப்பது?

ஃபியூஷன் தோற்கும் இடமும் உண்டு. உதரவிதானத்துக்கு அடியில், கல்லீரலின் எட்டாம் பகுதியின் உச்சியில் இருக்கும் கட்டியை நுரையீரல் மறைத்துவிடும். ஆள் பருமனாக இருந்தாலும் படம் தெளிவாக வராது. முதல் சூட்டிலேயே வாயுக் குமிழி கிளம்பி எல்லாம் வெள்ளையாகிவிடும், அப்புறம் மென்பொருள் இருந்தும் பயனில்லை. இந்த மாதிரி கேஸ்களே உங்களிடம் அதிகம் என்றால் நான் சொன்னதை மறந்துவிட்டு ரோபோவைப் பாருங்கள். எப்பியோனை நான் விளக்கப் படங்களில் பார்த்ததோடு சரி, அதனால் அதைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

மூன்றாவதாக ஒரு ஜாதி இருக்கிறது: சுடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த சி.டி.களை ஒன்றின் மேல் ஒன்று பொருத்தி ஓரம் எவ்வளவு கிடைத்தது என்று அளக்கும் மென்பொருள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனை நடத்திய கவர்-ஆல் ஆய்வில், டாக்டர் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்ததைவிட இதைப் பயன்படுத்தியபோது அதிக ஓரம் கிடைத்தது. எங்களிடம் டெமோவோடு சரி, அதனால் தினப்படி வேலையில் எப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த பட்ஜெட்டில் நான் கேட்கப்போவது ரோபோ அல்ல, இதைத்தான்.